வெள்ளம் அல்ல, எங்கள் பெண்

அன்புச் சுண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலை மட்டும் இதில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். அங்கே குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மா இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள், அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நம் ஊரும் ஆற்றின் கீழே இருக்கும் சித்தி ஊரும் ஒரே அணைத் தண்ணீரைப் பங்கிட்டுக் குடிக்கிறோம், இரண்டுக்கும் பொதுவான தண்ணீர்க் குழுவில் நானும் ஓர் ஆள். அணையை உயர்த்தி இன்னும் தண்ணீர் தேக்க முடியுமா என்று ஆய்வு செய்ய, இரண்டு ஊரும் பணம் போடலாமா என்று பேச்சு வந்தது. உயர்த்தினால் முதலில் முங்குவது, நான் பம்ப் ஓட்டிய காலத்தில் நாம் இருந்த கரையோரக் குடியிருப்புதான்.

போன வாரம் சர்வேயர் பெண்ணோடு இடம் பார்க்கப் போனோம், அம்மாவும் வந்தாள். கதவெல்லாம் உளுத்துவிட்டது, சமையலறை ஜன்னல் மட்டும் இன்னும் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறது. அந்த வீட்டில் பம்ப் ஓடினால் நீ தூங்குவாய், நின்றால் அழுதுகொண்டே எழுந்துவிடுவாய், ஞாபகம் இருக்கிறதா? வெளிச்சுவரில் வருஷம் போட்டு அம்மா கீறிய கோடுகளைப் பார்த்துச் சர்வேயருக்கு ஏக சந்தோஷம். பழைய வெள்ள மட்டத்தை யாரோ அழகா குறிச்சு வச்சிருக்காங்க சார், வருஷா வருஷம் ஏறியிருக்கு, ஒரே ஒரு வருஷம்தான் எறங்கியிருக்கு, அப்ப மழை இல்லையா என்று கேட்டாள். அது வெள்ளம் இல்லம்மா, எங்க பொண்ணு, அதுக்கு முந்தின வருஷம் குதிகாலைத் தூக்கி ஏமாத்திட்டா என்றாள் அம்மா. மூவரும் சிரித்தோம். பிறகு அம்மா, அணை உசந்தா தண்ணி எதுவரைக்கும் வரும் என்று கேட்டாள். ஆய்வு முடிஞ்சாதான் தெரியும், ஆனா இந்தக் கோடெல்லாம் முங்கிடும்னுதான் தோணுது என்று தயங்கியபடி சொன்னாள் அந்தப் பெண்.

குழுவில் பாதிப் பேர் வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள், மிச்சம் இருந்தது என் கை. அந்தச் சுவர் கண்ணிலேயே நின்றது. கூடவே போன கோடையில் சித்தி எனக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தான் இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. ஆய்வு வேண்டும் என்று கையைத் தூக்கிவிட்டேன். கண் கலங்கியதை முழங்கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன். ஆய்வுதானே, அணை இல்லையே என்று வீட்டில் சொன்னேன், ஆய்வுக்குக் காசு போட்டவங்க அணை கட்டாம விடுவாங்களா என்று அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்று காலை அவளே டீ கொண்டுவந்து வைத்தாள். லீவு போட்டுச் சுண்டுவை வரச் சொல்லுங்க, அந்தச் சுவர்ல ஒரு தடவை நிக்கட்டும் என்றாள். இனிமே எங்க வளரப் போறா என்றேன். வந்து நிக்கட்டும், போதும் என்றாள்.

இருவரும் நிறைவாக வாழ எங்கள் ஆசீர்வாதம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். டிக்கெட்டைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதே. வரும்போது, குதிகாலைத் தூக்க வேண்டுமென்றால் தூக்கிக்கொள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

உன்
அப்பா