ஒரே ஒரு ஸ்க்ரூ

அன்பு அத்தா, ஸலாம்.

நாளைக் காலையில் நம் மொட்டைமாடிக்கு மேலே, தண்ணீர்த்தொட்டி நிற்கும் கூரையில் நான் ஏறியாக வேண்டும். கைப்பிடிச்சுவர் இல்லாத இடம். பயமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துபாயிலிருந்து திரும்பித் திருத்துறைப்பூண்டியில் சோலார் கடை போட்டீர்களே, அங்கே விற்ற கண்ணாடிப் பலகை ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். புயலுக்கு மறுவாரம் யார் வீட்டுக் கூரைக்கோ தனியாகத் தூக்கிக்கொண்டு ஏறினீர்கள். ஒரே ஒரு ஸ்க்ரூதான் பாக்கி என்று இடுப்புக் கயிற்றை அவிழ்த்தீர்களாம். காற்று பலகையைத் தள்ளியது, பலகை உங்களைத் தள்ளியது, நீங்கள் உயிரோடு வீடு திரும்பவில்லை. ஏன் அத்தா, கயிறு அவ்வளவு கனமா?

அதிலிருந்துதான் கனமில்லாத சோலார் மேல் எனக்குப் பைத்தியம். பிளாஸ்டிக் தாளில் மை போலப் பூசக்கூடிய கரிமப் பொருள்களை ஆய்வகத்தில் வடிவமைக்கிறேன். மூலக்கூறுகளை யாரும் அடுக்க வேண்டாம். கரைசல் காயும்போது அவையே ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும். அடுக்கு சரியாக அமைந்தால் வெயில் கூடுதலாக மின்சாரமாகும். காய்வதை அவசரப்படுத்தினால் எல்லாம் தாறுமாறு. எத்தனையைக் கெடுத்திருக்கிறேன் தெரியுமா? உங்கள் பிள்ளைதானே.

ஆய்வக விளக்கில் நன்றாக வேலை செய்கிறது. நம் ஊர் வெயிலில் அந்த அடுக்கு குலையாமல் நிற்குமா? குலைந்தால் இத்தனை வருட வேலையும் போச்சு. அதைப் பார்க்கத்தான் நாளை தாளை வெயிலில் ஒட்டப்போகிறேன். தென்னை நிழல் விழாத இடம் அந்தக் கூரை ஒன்றுதான்.

இன்று மதியம் ஏணியில் பாதி ஏறினேன். கீழே பார்த்தேன், இறங்கிவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷ வேலைதான் என்று சொல்லித் தொலைத்தேன்.

"உங்கத்தாவும் இதத்தான் சொல்லிட்டுப் போனாங்க. அந்த ஒரு நிமிசம் எனக்கு இன்னும் முடியல."

பரணிலிருந்து உங்கள் கயிற்றைக் கொண்டுவந்து போட்டார்கள். இற்றுப்போயிருக்கும், தாங்காது என்றேன்.

"அப்ப புதுசு வாங்கிட்டு வா. அதுவரைக்கும் ஏணி எங்கிட்டதான்."

அந்த அலுமினிய ஏணியைத் தன் அறைக்குள் இழுத்துப்போய்ப் பூட்டிவிட்டார்கள். மாலையில் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கிவந்து காட்டிய பிறகுதான் சாவி வந்தது.

பயம் போகவில்லை அத்தா. உயரத்துக்கும் பயம், வெயிலுக்கும் பயம். தாள் தோற்றால் தோற்கட்டும், வேறு மூலக்கூறு வரைவேன். கடைசி மூலையை ஒட்டிவிட்டு இறங்கி, கால் தரையைத் தொடும்வரை கயிற்றை அவிழ்க்க மாட்டேன். அம்மாவிடம் ஒரு நிமிஷம் என்று இனி எதற்கும் சொல்ல மாட்டேன்.

உங்கள் அவசரம் அப்படியே வாய்த்த மகன்,
யூசுப்