ஓரத்துக்குப் போகாதே

என் பாப்புவுக்கு,

நீ சுகமா இருக்கணும். நானும் சுகம்னு எழுதத்தான் உக்காந்தேன், பேனா நகர மாட்டேங்குது. ஃபோன்ல உன் குரலைக் கேட்டாலே நான் அழுதிடுவேன், நீயும் வேலையைப் போட்டுட்டு அழுவே. அதான் காகிதத்துல எழுதி டைலரக்கா பொண்ணுகிட்டே கொடுக்கிறேன், அவ படம் பிடிச்சு அனுப்புவா. எழுத்து கோணலா இருக்கும், சிரிக்காதே, மூணாவதோட நின்னவதானே நான்.

உன் தம்பி மலைப்பாதையில மாட்டிக்கிட்டிருக்கான். உங்கப்பா ஓட்டின அதே லாரி, அதே பாதை. அவர் போய் இன்னும் வருஷம் திரும்பலை, அந்தப் பக்கம் லோடு எடுக்காதேடான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அக்கா அவ ஆபீஸ்ல செஞ்சு கொடுத்த ஃபோன் இருக்கும்மா, டவரே இல்லேன்னாலும் நேரா சாட்டிலைட்டுக்கே போயிடும், சும்மா பயப்படாதேன்னு சொல்லிட்டு ஏறிப் போயிட்டான். முந்தாநாள் பேய்மழை, ரெண்டு பக்கமும் மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிடுச்சு, அங்கே இருந்த ஒத்தை டவரும் சாஞ்சிடுச்சாம். சாயங்காலம் அவன்கிட்டேயிருந்து சேதி வந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, உன்னை நினைச்சுக் கையெடுத்துக் கும்பிட்டேன். மேலே இருக்கிறவன் பார்த்துப்பான்னு சொல்வோம், உன் பொண்ணு அங்கேயும் ஒரு மெஷினை உக்கார வெச்சுட்டாளேன்னு மெக்கானிக் மாமாகூடச் சிரிச்சாரு.

அப்புறம்தான் டைலரக்கா பொண்ணை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். ரோடு போச்சு, நான் நல்லா இருக்கேன், வண்டிக்குள்ளே சிக்னல் எடுக்கலை, இறங்கி ஓரமா நின்னு அனுப்புறேன்னு இருந்துச்சு. ஓரமான்னு கேட்டதுமே எழுந்து நின்னுட்டேன் பாப்பு. உங்கப்பா போன அன்னிக்கு லாரியில ஒரு கீறல் உண்டா? மேடு தாண்டினதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாரு, அது வந்தாத்தான் நான் சோத்துல கை வைப்பேன். சிக்னல் இல்லேன்னு இறங்கி, ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே ஓரத்துக்குப் போனாரு, நனைஞ்ச மண்ணு அவரோட சேர்ந்து போயிடுச்சு. இப்ப நீ கொடுத்த ஃபோனும் பிள்ளையை அதே இடத்துக்குத்தானே கூப்பிடுது?

இறங்காதேடா, உள்ளேயே இருன்னு உடனே அனுப்பச் சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு வரி இல்லை. அம்மா பேச்சைக் கேட்டு உள்ளே உக்காந்திருக்கான், அதான் சத்தம் இல்லை, சந்தோஷப்படும்மான்னு மெக்கானிக் மாமா சொல்லிட்டு, மண்ணு தள்ளுற வண்டியோட இன்னிக்குக் காலையிலேயே கிளம்பிட்டாரு. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. ஆனா டைலரக்கா பொண்ணு மெதுவா ஒண்ணு சொன்னா. நான் அனுப்பினது அவனுக்குப் போய்ச் சேரணும்னாலும் அவன் வெளியே வந்து வானம் பார்த்து நிக்கணுமாமே. உள்ளே இருன்னு சொல்றதைக் கேட்கவே வெளியே வரணும்னா இது என்ன நியாயம்?

உன்மேல கோபம் இல்லைடி. உன் ஆபீஸ் பெரியவங்ககிட்டே மட்டும் நான் சொன்னேன்னு சொல்லு. நீங்க மொட்டை மாடியிலயும் மைதானத்துலயும் நின்னு சோதிச்சுப் பார்க்கிறீங்க, லாரிக்காரன் மைதானத்துலயா மாட்டுறான்? தலைக்கு மேல தகரம் இருந்தாலும் பேசுற மாதிரி ஒண்ணு பண்ணுங்கன்னு சொல்லு.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. மாடியில ஃபோனை வெச்சுக்கிட்டு நிக்கிறப்ப நீயும் ஓரத்துக்குப் போகாதே. எந்தக் குறையும் இல்லாம நூறு வருஷம் இருக்கணும்டி நீ. என் ஃபோனை ஜன்னல்ல சாத்தி வெச்சிருக்கேன், கண்ணை எடுக்கலை. வானத்துல இருக்கிறதையெல்லாம் படிச்சவ நீ, இதை மட்டும் அம்மாவுக்குச் சொல்லேன். இந்த நிமிஷம் அவன் வண்டிக்குள்ளே இருக்கானா, எனக்குச் சேதி சொல்ல இறங்கி நிக்கிறானா?

உன் அம்மா