சொந்தமில்லாத மாமாவும் இரண்டு பாஸ்போட்டும்

11 ஜனவரி 2025

இந்தக் கொப்பியைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், தங்கச்சி யசோதினிக்குத் தமிழ் வாசிக்க வராது. பூட்டை விடப் பாதுகாப்பு.

இன்று ஜம்புநாதன் மாமாவின் பிறந்தநாள். அப்பாவின் சிநேகிதர்; லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் தெருமுனையில் பார்மசி வைத்திருக்கிறார். நானே செய்த எக்லேர், உள்ளே க்ரீம் வைத்த நீட்டுப் பேஸ்ட்ரி, ஆறு கொண்டுபோனேன். ஐந்துக்குள் வனிலா க்ரீம். ஆறாவதுக்குள் மஸ்டர்ட், மூக்கில் ஏறுகிற கடுகு விழுது. அது அவர் கைக்கு நேரே வருகிற மாதிரிப் பெட்டியைத் திருப்பிப் பிடித்தேன். கடித்தார். கண், மூக்கு எல்லாம் தண்ணீர். இருமல் மருந்து வாங்க வந்த மனுசி அவருக்கே அதைக் குடிக்கக் கொடுக்கப் பார்த்தா.

"கொப்பரிட்டச் சொல்லுறன், நில்லு," என்றார். அப்பாவிடம் சொல்லவில்லை. மற்ற ஐந்தையும் சாப்பிட்டு முடித்தார்.

19 ஜனவரி

வேலை கிடைத்துவிட்டது. எனக்கு. வேலை. லியோனில்.

பேஸ்ட்ரிக் கடையில் இரண்டு வருட அப்ரென்டிஸ், செப்டெம்பரில் தொடக்கம். விசா தேவையில்லை, நான் பிரெஞ்சுக்காரன். அப்பா பாரிஸில் பிரஜாவுரிமை எடுத்துக்கொண்டு லண்டன் வந்தார், பிறகு நான் இங்கே பிறந்தேன். ஆகவே நான் பிரான்ஸில் ஒருநாளும் வாழாத பிரெஞ்சுக்காரன், லண்டனை விட்டு வேறெங்கும் வாழாத பிரிட்டிஷ்காரன் அல்லாதவன். இங்கே இருக்க எனக்குள்ளது செட்டில்ட் ஸ்டேட்டஸ் என்கிற நிரந்தர வதிவிட அனுமதி மட்டும்.

அம்மா குசினியில் அடுப்பைப் பார்த்தபடியே தீர்ப்புச் சொன்னா. "பிரிட்டிஷ் பாஸ்போட் கையில வரட்டும், பிறகு போ. அஞ்சு வருசம் வெளியில நிண்டியெண்டா இங்கத்தைய ஸ்டேட்டஸ் போயிடும்."

"ரெண்டு வருசம்தானே அம்மா."

"கொப்பரும் ரெண்டு வருசம் எண்டுதான் ஊரிலயிருந்து பாரிசுக்கு வெளிக்கிட்டவர்."

அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

2 பெப்ரவரி

நல்ல செய்தி. இங்கே பிறந்து முதல் பத்து வருடமும் இங்கேயே வளர்ந்தவன் பிரிட்டிஷ் பிரஜையாகப் பதிய உரிமை உண்டாம். பிரெஞ்சுப் பிரஜாவுரிமையைக் கைவிடவும் வேண்டாம். இரண்டு நாடு. ஒன்றோடு கோபம் என்றால் மற்றதில் போய் இருக்கலாம்.

கெட்ட செய்தி: நன்னடத்தை வேண்டுமாம். இதுவரை நான் நடத்தியதெல்லாம் நக்கல் நடத்தை.

என்னைத் தெரியும் என்று இரண்டு பேர் கையெழுத்து வைக்கவேண்டும், சொந்தக்காரர் கூடாது. ஒன்று என் டீச்சர். மற்றதுக்கு அம்மா யோசிக்கவே இல்லை. "ஜம்புநாதன் அண்ணை இருக்கிறார்தானே."

எனக்கு இப்போதுதான் மஸ்டர்ட் மூக்கில் ஏறியது.

8 பெப்ரவரி

பார்மசியில் எல்லாரையும் அனுப்பிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"நன்னடத்தை. உனக்கு."

"ஓம் மாமா."

"நான் சொல்லோணும்."

"ஓம் மாமா."

சிரித்தே விட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி கையால் மறைத்து மறைத்துப் படிவத்தை நிரப்பினார். எனக்கிருந்த சந்தோசத்தில் வாசித்தும் பார்க்காமல் ஸ்கான் பண்ணி அனுப்பினேன்.

14 ஜூன்

பதினெட்டு. இன்றிலிருந்து எனக்குக் குடி உரிமை உண்டு. குடியுரிமைதான் இன்னும் வரவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். கேக் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு முறைத்தா.

3 ஜூலை

போச்சு. எல்லாம் போச்சு.

குடியுரிமை கொடுக்கிற ஹோம் ஒபிசிலிருந்து மெயில். உங்களுக்காகக் கையெழுத்து வைத்தவர் உங்கள் உறவினரா? ஆம் என்றால் வேறு ஆள் வேண்டும், இல்லை என்றால் எழுத்தில் விளக்கம் வேண்டும். என்னை எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு மாமா எழுதியிருக்கிறார்: 'என் மருமகன்.'

மனுசன் மஸ்டர்டுக்குப் பழி வாங்கிட்டுது எண்டு நினைச்சு பார்மசிக்கு ஓடினன். செப்டெம்பர் வருது, லியோன் போகுது, இவருக்கு விளையாட்டோ?

விளையாட்டில்லை. அவருக்கு விளங்கவே இல்லை.

"அப்ப என்னெண்டு எழுதுறது? கஸ்டமர் எண்டோ? நீ பிறக்கேக்க கொப்பர் ஷிப்டில. கொம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனது ஆர்? முதல் தூக்கினது ஆர்?"

"நீங்கதான் மாமா."

"பிறகென்ன?"

நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "நீங்க எனக்கு ஒரு சொந்தமும் இல்லை எண்டு எழுதித் தரவேணும்."

சட்டைப் பையில் பேனை இருக்க, மேசையெல்லாம் தேடினார். எழுதினார். இரத்த உறவும் இல்லை, கலியாண உறவும் இல்லை, குடும்ப நண்பர் மட்டும். மடிக்காமல் நீட்டினார்.

"இந்தாரும்," என்றார்.

பிறத்தியாருக்குச் சொல்லுகிற 'நீர்' என்று என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை, எப்போதும் 'நீ'தான்.

5 ஜூலை

அம்மாவின் மருந்து எடுக்கப் போனேன். "வாரும் தம்பி, என்ன வேணும்?" ஊரில் உள்ள தம்பிகளுக்கெல்லாம் சொல்லுகிற அதே தம்பி.

9 ஜூலை

பகிடி ஒன்றும் வருகுதில்லை. யசோதினி எனக்குக் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தாள்.

6 ஆகஸ்ட்

கிடைச்சிட்டுது. கிடைச்சிட்டுது. கிடைச்சிட்டுது.

அம்மா சாமிப்படத்துக்கும் எனக்கும் சேர்த்துத் திருநீறு பூசினா. பதினெட்டு முடிந்ததால் டவுன் ஹோலில் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டும். கூட இரண்டு பேர் வரலாம்.

20 ஆகஸ்ட்

அப்பா காலையில், "எனக்கு ஷிப்ட், ஜம்புநாதனைக் கூட்டிக்கொண்டு போ," என்றார். இன்று புதன்கிழமை, அப்பாவுக்கு லீவு நாள். மாமாவுக்கு அவரே போன் பண்ணியிருக்கிறார்.

மாமா கோட் சூட்டில் வந்தார். வாசலில் நின்ற பெண், குடும்பமா என்று கேட்டா. நான் வாய் திறக்க முதல் அவர் நிமிர்ந்து நின்று, "நோ ரிலேஷன்," என்றார்.

என் பெயர் கூப்பிட்டபோது அந்த ஹோலிலேயே பெரிய கைதட்டல் அந்த நோ ரிலேஷனுடையது. அம்மா அழுதா. நான் அழவில்லை. கொஞ்சம்.

திரும்பும்போது காருக்குள் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "லியோன் குளிரோ?"

14 செப்டெம்பர், ரயிலில்

செயின்ட் பாங்கிராஸ் ஸ்டேஷனில் அம்மா என் பிரெஞ்சு, புதிய பிரிட்டிஷ் பாஸ்போட் இரண்டையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றா. லைனில் என் முறை வரும்வரை தரவில்லை. "இது போறதுக்கு, இது வாறதுக்கு," என்று ஒவ்வொன்றாகக் கையில் வைத்தா. அப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்து, பாரம் என்றார். அதையே பிறகும் இரண்டு தரம் சொன்னார்.

மாமா வரவில்லை. கடை பூட்ட ஏலாதாம். வழியில் சாப்பிட என்று ஒரு பெட்டி கொடுத்துவிட்டிருந்தார். கடலடிச் சுரங்கம் தாண்டிப் பிரான்ஸ் வெளிச்சம் வந்ததும் திறந்தேன். எக்லேர். மாமா எக்லேர் செய்வார் என்று யார் கண்டது? ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல். பாவம், மனுசன் எத்தனை தரம் முயன்றாரோ என்று உருகிப்போய்ப் பெரிய கடியாகக் கடித்தேன்.

மஸ்டர்ட்.

முன் இருக்கைப் பெண் தண்ணீர்ப் போத்தலோடு எழும்பி நிற்கிறா. இருமல் நிற்க முதல் போன் அடிக்கிறது. மெசேஜ்.

'எப்பிடி மருமகன்?'