எலிக்கு முளைத்த முடி

திருவனந்தபுரம்

அம்மாவுக்கு, செல்வி வணக்கத்துடன் எழுதுவது. மருந்து ஏற்றிய பிறகு வாந்தி குறைந்ததா? கஞ்சியாவது இறங்குகிறதா? போனில் கேட்டால் அப்பா “எல்லாம் நல்லாருக்கு” என்று முடித்துவிடுகிறார். நீயே பதில் எழுது.

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னுடன் படிக்கும் மலையாளப் பெண் ஜிஷா, புற்றுக்கட்டி வந்த ஓர் எலிக்குத் தூசியைவிடச் சிறிய தங்கத் துகள்களை ஊசியில் ஏற்றினாள். கட்டியின் மேலிருந்த முடியைச் சிரைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சினாள். தங்கம் சூடேறிக் கட்டியை மட்டும் பொசுக்கிவிட்டது. நேற்று என்னைக் கூண்டருகே இழுத்துப் போனாள்.

“செல்வி, இத நோக்கு! கட்டி போச்சு, முடிகூட வந்தாச்சு, கேட்டியா!”

சிரைத்த இடத்தில் புசுபுசுவென்று வெள்ளை முடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜிஷா மேல் இல்லை, அந்த எலி மேல்.

“மனுஷங்களுக்கு எப்போ?” என்றேன்.

“அதுக்கு இன்னும் கொறே, நெறைய வருஷம் ஆகும்.”

முடியெல்லாம் கொட்டியதும் நீ சீப்பை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாய். அந்த எலிக்கு மட்டும் முடி முளைக்க என்ன அவசரம்? நேற்று தீனி வைப்பது என் முறை. எல்லாக் கூண்டுக்கும் வைத்துவிட்டு அதற்குக் கடைசியில்தான் வைத்தேன்.

சாலைக் கடைத்தெருவில் உன் தலைக்குக் கட்ட மெத்தென்ற துண்டு வாங்கியிருக்கிறேன். இங்கே ஏசி குளிர் தாங்கவில்லை. உன் பழைய நூல்சேலை ஒன்று அனுப்பு, துவைக்காவிட்டாலும் சரி.

ஜிஷா கூப்பிடுகிறாள். உன் தலையில் முதல் முடி முளைத்ததும் அப்பாவுக்கு முன்னால் எனக்குச் சொல். அதுவரை அந்த எலிக்குக் கடைசியில்தான் தீனி.

உன் மகள்
இசக்கிசெல்வி