நப்லானிடம் கேட்ட எச்சில்

உக்குவளை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜஸ்லாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் ஸஜ்ஜாதும் மெல்பர்னில் நல்ல சுகத்தோடு இருக்க துஆச் செய்கிறோம். இங்கே உம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான், மழையும் விட்டபாடில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சோதனைக்கு எச்சில் பிடித்து அனுப்பச் சொல்லி நீ அனுப்பிய குழாய் வந்தது. உன் நானா, எங்கள் மூத்தவன் நப்லான், எதுவும் கேட்காமல் அதில் எச்சிலைத் துப்பித் தந்துவிட்டு, பலாபத்வல கராஜுக்கு வேலைக்குப் போனான். தங்கச்சியிடம் டொக்டர் கேட்டாராம் என்று மட்டும்தான் உம்மா அவனுக்குக் கையால் சொல்லியிருந்தாள். மாலையில் வந்து, எதற்கு என்று என்னிடம் கேட்டான். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காததன் காரணத்தை அதில் கண்டுபிடிப்பார்கள், ஆஸ்பத்திரியில் உண்டாக்கி வைத்திருக்கும் உங்களுடைய கருக்களில் அது இருப்பதைக் கழித்துவிட்டு இல்லாததை வயிற்றில் வைப்பார்கள் என்றேன்.  பிறகு, "அப்ப என்னெ மாதிரி புள்ள வேணாம்" என்று கையால் காட்டினான். கேள்வியாகக் கேட்கவில்லை மகள்.

உம்மா என்னோடு சண்டைக்கு வந்தாள். "அவட புள்ள கஷ்டப்படக் கூடாதுன்னு நெனக்கிறா, அதுல என்ன பிழை" என்றாள். இவன் என்ன நோயாளியா என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை. ஸஜ்ஜாதின் ஆட்கள் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மரக்கறி வாங்க என்று சொல்லி அவனைத் தம்புள்ளைக்கு அனுப்பியது நான்தானே. இப்படி ஒருவன் வீட்டில் இருப்பது தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயந்தேன். அவன் மூட்டையோடு திரும்பும்போது எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நீயும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு வருமுன்னே அவனிடம் விரலால் பால் கேட்ட பிள்ளை நீ. நான் ஒரு பகலுக்குச் செய்ததை நீ டொக்டரை வைத்து முழுசாகச் செய்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

குழாயை அனுப்பாமல் அலுமாரியில் வைத்திருந்தேன். நேற்று அதைக் காணவில்லை. நப்லானே மாத்தளைக்குக் கொண்டுபோய் உன் விலாசத்துக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன். "தங்கச்சி கேட்டாளே, வேற யாரு குடுக்கிறது" என்றான்.

அது வந்து சேரும். நீங்கள் இருவரும் முடிவெடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. எந்தப் பிள்ளையானாலும் அல்லாஹ் சுகத்தோடு தந்து உன் கண்ணைக் குளிர வைக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அவனுக்கு வீடியோ கோல் எடுத்து, முகத்தைப் பார்த்து, எதைக் கழித்தீர்கள் என்று நீயே சொல். இனி உங்களுக்கு நடுவில் நின்று நான் சொல்லமாட்டேன்.

உன் வாப்பா,
பதுர்தீன்