பத்தரை மணிப் பள்ளிக்கூடம்

ஏற்காடு
8-1-1989, ஞாயிறு

இல்லை சபுரா, சந்தோஷமாக இல்லை. "நீங்கள் சொன்னது அரசாங்க ஆணையாகவே வந்துவிட்டதாமே, சந்தோஷம்தானே அம்மா?" என்று கேட்டு எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையும் எழுத முடியவில்லை. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அத்தாவும் உடம்பைப் பொறுத்தவரை நன்றாகத்தான் இருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அத்தாவுக்கு முழங்கால் வலி, பனி விலகினால் அதுவும் விலகும், கடைக்குப் போவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. நீ அனுப்பிய சால்வையை அவர்தான் போர்த்திக்கொள்கிறார். எனக்கு என்று எழுதியிருந்தாய், பரவாயில்லை.

ஜூலையில் மலைப்பள்ளிகளைப் பற்றி அறிக்கை எழுத உன் ஆபீஸிலிருந்து இருவர் வந்தார்கள் அல்லவா. நீ சொல்லித்தான் நானும் போனேன். ஏரிக்கரை ஓட்டலின் மாடியில் மலைப்பள்ளி ஆசிரியர்களை வட்டமாக உட்காரவைத்து இரண்டு நாள் பேசினார்கள். பயிற்சி இல்லை, உரையாடல் என்றார்கள். மேடை இல்லை, மாலை இல்லை. வெளியே மழை. கதர்ச் சேலை கட்டிய அந்த அம்மாள் நல்ல தமிழ் பேசினார். கற்பித்தல் எப்படி மேம்படும், பள்ளித் தலைமை என்றால் உங்களுக்கு என்ன, மனசைத் திறந்து சொல்லுங்கள், இங்கே யாரும் யாருக்கும் அதிகாரி இல்லை என்றார். கூட வந்தவர் டேப் ரிக்கார்டரைத் தரையில் வைத்தார். இத்தனை வருஷ வேலையில் என்னிடம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை. கேட்கப்படுவதற்கு ஒரு ருசி இருக்கிறது. எனக்கு அது புதிது. அதில் கொஞ்சம் மயங்கித்தான் போனேன்.

எல்லோரும் வழக்கமானதைச் சொன்னார்கள். ஒருவர், பெத்தவங்களுக்கு அக்கறையே இல்லீங்க என்றார். இன்னொருவர் சார்ட்டும் குளோபும் வேணுமுங்க என்றார். எங்கள் தலைமையாசிரியர் சுப்பிரமணி சாரைக் கேட்டபோது, "தலைமைன்னா என்னங்க, நாலு பேர அனுசரிச்சுப் போறது, அஞ்சாவது ஆளு மேல எழுதிப் போடாம பாத்துக்கறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

நான் பஸ்ஸைப் பற்றிப் பேசினேன். எங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் சேலத்தில் குடியிருக்கிறார்கள், மலை மேல் குடியிருப்பவள் நான் ஒருத்திதான். அவர்கள் வரும் பஸ் வந்து சேரப் பத்தரை ஆகிறது. வளைவில் ஹாரன் கேட்டால்தான் சமையல் ஆயா மணி அடிப்பாள். மூன்று மணி பஸ்ஸை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது, அதனால் இரண்டேமுக்காலுக்கே பைகள் தயாராகிவிடும். நடுவில் சத்துணவு. பள்ளிக்கூடம் என்பது சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். அதனால்தான் நான் எட்டரைக்கே போய்க் கதவைத் திறந்து ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து வாசிக்கச் செய்கிறேன் என்றேன். எஸ்டேட்டில் தாய்மார்கள் ஏழரைக்கு வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு லயன் என்கிற அந்த வரிசை வீடுகளில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. பள்ளி திறந்திருந்தால் பள்ளிக்கு வருவார்கள், இல்லையென்றால் தாயின் பின்னால் காப்பித் தோட்டத்துக்குப் போவார்கள். அவ்வளவுதான் கணக்கு. பள்ளி நேரத்தைப் பிள்ளைகளின் பக்கமிருந்து வையுங்கள், ஆசிரியர்களுக்கு மலையிலேயே வீடு கொடுங்கள், இல்லையென்றால் பஸ்ஸை முன்னால் விடுங்கள் என்றேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. சுப்பிரமணி சாருடைய தாயார் படுக்கையில் இருக்கிறார், அவரைத் திருப்பிப் போட்டு, துணி மாற்றிவிட்டுத்தான் அவர் பஸ் ஏறுகிறார். சீசனில் இங்கே ஒரு அறைக்குக் கேட்கிற வாடகையை எந்த வாத்தியாராலும் கொடுக்க முடியாது. அதையும் சேர்த்தே சொன்னேன். அந்த அம்மாளின் கண் கலங்கியது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது நீ பெருமையாக அனுப்பிய அந்த அறிக்கைப் பக்கம். ஆங்கிலத்தில் அழகாக இருக்கிறது. மலைப்பகுதிப் பள்ளிகளின் நேரம் உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் வாழ்க்கைமுறைக்கும் இசைவாக நெகிழ்ந்து அமைய வேண்டும், இதை அங்கேயே வசிக்கும் ஓர் ஆசிரியையே வலியுறுத்தினார் என்று இருக்கிறது. டேப்பைக் கேட்டு அந்தப் பத்தியை எழுதியது நீதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சபுரா, டேப்பில் என் குரல் இருந்தது. மழைச் சத்தத்தில் கேட்காமல் போயிற்றா என்று முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது. எல்லாம் கேட்டிருக்கிறது. பிள்ளைகள், தாய்மார்கள், ஏழரை மணி, வீடு, எல்லாம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டன. நேரத்தை மாற்றலாம் என்பது மட்டும் மிஞ்சியது. அது எல்லோருக்கும் வசதியான பகுதி.

அறிக்கை அச்சாகும் முன்பே, அந்தப் பத்தியை வைத்து, நவம்பர் கடைசியில் ஆணை வந்தது. பத்தரை முதல் மூன்று மணிக்குக் கால் மணி முன்பு வரை. பஸ்ஸுக்கு இனி யாரும் பயப்பட வேண்டியதில்லை, பஸ்தான் சட்டம். சுப்பிரமணி சார் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க டீச்சர், மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டுக்கறீங்க, நீங்க சொன்னதத்தான கவர்மெண்டே கேட்டிருக்குது, நாங்க சொல்லி எந்தக் காலத்துல கேட்டாங்க" என்றார். கேலியா நிஜமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. இரண்டாம் வகுப்பு ராஜேஸ்வரி டீச்சர் சேலத்திலிருந்து ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்து என் தலையில் வைத்துவிட்டாள். "உங்க புண்ணியத்துல நானும் இனி ஊட்டுல ஒரு கொழம்பு வெச்சு எறக்கீட்டு வரலாமுங்க அக்கா" என்றாள். அவளுக்குக் கைக்குழந்தை. நான் பூவை எடுக்கவில்லை. அன்று முழுக்க அந்த வாசனையோடு பாடம் நடத்தினேன்.

மறுநாள் எட்டரைக்குப் போனால் கதவில் புதுப் பூட்டு. ஆணையில் உள்ள நேரத்துக்கு முன்னால் திறக்கக் கூடாதாம். "ஒரு புள்ள உளுந்து கைய ஒடிச்சுக்கிட்டா, அப்ப பள்ளிக்கோட நேரமான்னு கேப்பாங்க, யாருங்க பதில் சொல்றது?" என்றார் சார். அதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் கொடுமை. சாவி அவர் பையில் சேலம் போய், சேலத்திலிருந்து வருகிறது. சரி என்று பிள்ளைகளை வராண்டாவில் உட்காரவைத்தேன். பனி உள்ளே வந்து ஸ்லேட்டெல்லாம் நனைந்தது, இருந்தாலும் வாசித்தார்கள். மூன்றாம் நாள் அதற்கும் தடை. "வராண்டாவும் பள்ளிக்கோடந்தானுங்க டீச்சர்" என்றார். நம் கடை மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். லயனிலிருந்து கடைத்தெரு வரைக்கும் சின்னப் பிள்ளைகள் அந்தக் கொண்டையூசி வளைவுகளில் நடந்து வர முடியாது. லாரி வருகிற பாதை.

தங்கமணியை நீ பார்த்திருக்கிறாய், போன லீவில் என் கூடவே கடை வரைக்கும் வந்து, வெல்லம் கட்டியிருந்த காகிதத்தைப் பிரித்து எழுத்துக் கூட்டி வாசித்தாளே, அந்தப் பெண். நாலாம் வகுப்பு. மூன்று வருஷம் ஒன்றும் பிடிபடாமல் இருந்து, போன ஆடி மாதம்தான் அவளுக்கு எழுத்துத் திறந்தது. திறந்த பிறகு விடவில்லை, கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தாள், தீப்பெட்டி, பஸ் போர்டு, எஸ்டேட் வாசலில் அந்நியர் நுழையக் கூடாது என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, அப்ப நாங்க யாருங்க டீச்சர் என்று கேட்டாள். டிசம்பர் நடுவிலிருந்து அவள் வருவதில்லை. பழம் பறிக்கும் சீசன். புதன்கிழமை பள்ளி விட்டதும் கிளியூர்ப் பாதையில் ஏறி அவள் தாய் கலாவதியைப் பார்க்கப் போனேன். கலாவதி கூடையைக் கூட இறக்கவில்லை. "பள்ளிக்கோடம் தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள எம் புள்ள ஒரு கூட பொறுக்கிப் போடுதுங்க டீச்சர். கணக்கெழுதற ரைட்டரு அவளுக்குன்னு தனியா எட போடறாரு. இனி பத்தரைக்கு வேலைய உட்டுப்போட்டு இவளக் கூட்டியாந்து உங்க கையில குடுக்க நானென்ன எஸ்டேட் மொதலாளியா?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்களே நேரத்த மாத்தச் சொன்னீங்களாமா, நெசமுங்களா?" என்று கேட்டாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தங்கமணி செடிக்குப் பின்னால் நின்றாள். கையெல்லாம் பழச்சாறு. டீச்சர் என்று கூப்பிடவும் இல்லை. நான்தான், வா கண்ணு, என்றேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் கூடையைப் பார்த்தாள். வந்துவிட்டேன். சீசன் முடிய இன்னும் சில வாரம் இருக்கிறது. அதற்குள் அவள் திரும்பாவிட்டால் பிறகு திரும்ப மாட்டாள், இங்கே எவளும் திரும்பியதில்லை, ரைட்டர் தனி எடை போடத் தொடங்கினால் அவள் கூலிக் கணக்கில் ஒரு ஆள். எழுத்து மறந்துபோகும். மறக்காது என்று படித்தவர்கள் சொல்வார்கள். மறக்கும் சபுரா. நான் பார்த்திருக்கிறேன்.

அத்தா சிரிக்கிறார். "நான் பத்தரைக்குக் கடையத் தொறந்தா சோம்பேறி உசேன்னு ஊரே சிரிக்கும், பள்ளிக்கோடத்தத் தொறந்தா டெல்லியில புக்குப் போடறாங்க" என்கிறார். சிரித்துவிட்டு, விடு ஹலீமா, மாசமானா சம்பளம் வருது, பொண்ணு நல்ல எடத்துல இருக்கா, இன்னும் என்ன என்கிறார். அவரிடம், நல்ல இடத்தில் இருக்கும் பெண்ணால்தான் இது வந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

ஒன்று புரிந்துகொள். எங்களைக் கேட்காத காலத்தில் தப்பு எங்கள் தலைக்கு மேலே நடந்தது. நிமிர்ந்து பார்த்துத் திட்டலாம். இப்போது எங்களைக் கேட்டு, எங்கள் வாயிலிருந்தே எடுத்து, எங்கள் கையாலேயே செய்ததுபோல் நடக்கிறது. இனி நான் யாரைத் திட்டுவது? உங்கள் அறிக்கையில் நான் ஒரு ஆதாரம். அந்த அம்மாள் நல்லவர். நீயும் நல்லவள். எனக்கு அதுதான் கசக்கிறது. கெட்டவர்கள் என்றால் நான் அன்றைக்கு வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

மார்ச்சில் அறிக்கை அச்சாகப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தியை எடுத்துவிடு. என் பெயர் இல்லையே என்று சொல்லாதே, இந்த மலையில் வசிக்கும் ஆசிரியை என்றால் யார் என்று ஏரியில் படகு தள்ளுகிறவனுக்கும் தெரியும். எடுக்க முடியாது என்றால் நான் சொன்னதை முழுசாகப் போடு, வீடு, பஸ், ஏழரை மணி, எல்லாவற்றோடும். பாதியாகப் போடாதே. உன் மேலதிகாரி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நீ பேசத் தயங்குவாய் என்று தெரியும், சின்ன வயதிலிருந்தே நீ யாரையும் சங்கடப்படுத்தாத பிள்ளை. எல்லோரும் உன்னை அதற்காகப் புகழ்ந்தார்கள், நானும்தான்.

வேறு விசேஷம் இல்லை. தோட்டத்து ஆரஞ்சு இந்த வருஷம் சின்னதாகவே நின்றுவிட்டது. மூடிய அறையில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்காதே. ராத்திரிச் சாப்பாட்டை டீயோடு முடித்துக்கொள்கிறாய் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது, ஒரு பிடி சோறாவது சாப்பிடு. கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் கோபம் குறைந்த பிறகு படித்துப் பார்த்தாலும் இதையேதான் எழுதுவேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், கேட்டதை அப்படியே சொல்கிற நெஞ்சையும் தரட்டும். அந்தப் பத்தி. மறக்காதே.

உன் அம்மா
ஹலீமா

திங்கள், மதியம். தபாலாபீஸ் பேனாவில் எழுதுகிறேன். காலை எட்டு மணிக்குக் கடையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிப் பூட்டை உடைத்தேன். அத்தாவின் கடையிலிருந்தே வேறு பூட்டு ஒன்று கொண்டுபோய் மாட்டினேன். அதன் ஒரு சாவியைச் சுப்பிரமணி சார் மேசைமேல் வைத்துவிட்டேன். இன்னொன்று என்னிடம் இருக்கிறது.