துருவுக்கு அடியில் ஒரு கிரீடம்

அத்தா,

இன்று காலை செம்பு துலக்கப் புளியைக் கரைத்தேன். வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. உங்கள் கைத்துப்பாக்கியும் இந்த வாடையோடுதான் வீட்டை விட்டுப் போனது.

எட்டாவதோடு நான் பள்ளியை விட்ட வருஷம் அதை எனக்குக் காட்டினீர்கள். பரணில், பழைய கைலியில் சுற்றிக் கிடந்தது. உங்கள் பாட்டனார் பர்மாவிலிருந்து கொண்டு வந்தது என்றீர்கள். திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டில், உங்கள் பஞ்சர் கடையில் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டீர்கள். லைசென்ஸ் இல்லாததால் யாருக்கும் காட்ட முடியவில்லை. பஞ்சர் ஒட்டும்போதெல்லாம் பக்கத்து டீக்கடைக்காரர், "என்ன பாய், பீரங்கியும் பர்மாவிலேர்ந்து வருதாமே?" என்பார். அங்கே சிரிப்பீர்கள். வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பு இருக்காது.

"எந்தக் காலத்துதுன்னு நீ பாத்துச் சொல்லு புள்ள" என்று போனைக் கொடுத்தீர்கள். யாரிடமும் பேச்சு வராத எனக்கு உங்களிடம் மட்டும் வந்தது. படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். நடுவில் மடிந்து திறக்கும் உடம்பு, பிடியின் அடியில் கயிறு கட்ட ஒரு வளையம். குழலுக்கு அடியில், துரு மண்டிய இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தீர்கள். நகத்தளவில் ஒரு கிரீடம், அதன் கீழே இரண்டு எழுத்து. போனிலும் அதே முத்திரை. வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கியேதான்.

துருவை எடுக்கட்டுமா என்றேன்.

"தேய்ச்சிடாதே. துருவோட அதோட வயசும் போயிடும்."

படம் எடுக்கவும் விடவில்லை. "போன்ல ஏறினா ஊர் பூரா போயிடும்."

நீங்கள் மௌத்தாகி அடக்கம் முடிந்ததும், போலீசில் ஒப்படைத்துவிடலாம் என்றார் மாமா. பழையது என்று உறுதியானால் மியூசியத்துக்குப் போகுமாம், இல்லாவிட்டால் உருக்கிவிடுவார்களாம். எனக்கு ஆசை வந்தது. கண்ணாடிக்குள் அது இருக்கும். டீக்கடைக்காரர் வந்து பார்க்கட்டும்.

அம்மா இத்தாவில் இருந்தாள், நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்ட முடியாது. நானும் மாமாவும் அதை ஒப்படைக்கப் புறப்படும் அன்று நான் எழுந்து வந்தபோது கொல்லையில் புளி, செங்கல் பொடி, கம்பி நார் சகிதம் உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்திருந்தது.

"அத்தா சாமான் அழுக்காப் போகக் கூடாதுடி. பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

அவள் கையில் அது புதுச் செம்பு மாதிரி மின்னியது.

தஞ்சாவூரில் ஆயுதம் தெரிந்த அதிகாரி லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். "யாருங்க இப்படித் தேய்ச்சது? ஒரு முத்திரையும் இல்லையே. இதே மாதிரி பாத்து உள்ளூர்ப் பட்டறைலயும் அடிச்சிருக்காங்க."

மாமா குனிந்துகொண்டார். நான் பேசினேன் அத்தா. கிரீடம் இருந்தது என்றேன். காகிதம் கேட்டு வாங்கி வரைந்தும் காட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"நீ சொல்றது நெசமா இருக்கலாம்மா. இரும்புல இல்லையே."

காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

இந்நேரம் அதை உருக்கியிருப்பார்கள். "பாய் நல்ல மனுசன், கொஞ்சம் கதை விடுவாரு" என்று டீக்கடையில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

அன்று திரும்பியதும் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டாள். "பளபளன்னு இருந்துச்சுல்ல? என்ன சொன்னாங்க?"

"நல்லா வச்சிருந்திருக்கீங்கன்னு சொன்னாங்கம்மா."

உங்களுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்து நான் பார்த்தது அப்போதுதான். இன்றும் செம்பைக் கையில் எடுத்தால் அந்தப் பேச்சை எடுக்கிறாள். ஆமாம்மா என்கிறேன்.

நீங்கள் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். என் விரல் நுனியில் அந்தக் கிரீடம் இன்னும் இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல முடியாது. சொன்னால், அந்தக் கிரீடம் எங்கே போயிற்று என்று கேட்பாள்.